அப்பா போயிட்டாரு, உடனே வாங்க

டாக்ஸி கம்பெனியில் அவளுக்குத் தந்தி என்று பெயர். டிரைவர்கள் வைத்தது. காரியம் ஆகவேண்டிய நேரங்களில் மட்டும் தந்தியக்கா. வண்டி அனுப்புகிற வேலை அவளுக்கு. அதாவது காதில் வாடிக்கையாளர், கையில் டிரைவர்களுக்கான செல்போன். அந்தப் போனில் அவள் தட்டி அனுப்பும் செய்தி ஒரு சொல்லைத் தாண்டுவது அபூர்வம். "வந்தாச்சு." "ஏறிட்டாங்க." "நிக்கிறார்." வண்டி தாமதமாகி, ஆள் பொறுமையிழந்து வேறு எதிலாவது ஏறிக் கிளம்பிவிட்டால் "போயிட்டார்." ஓட்டுகிறவன் ஓரக்கண்ணால் படிக்கிற சமாச்சாரம் இது, முன்னுரை முடிவுரையெல்லாம் வைத்து எழுதினால் வண்டி நடைபாதையில் ஏறிவிடும் என்பது அவள் வாதம்.

எழுத்தில் இவ்வளவு கஞ்சமாக இருந்தவள் பேச்சில் மகா தாராளம். "வணக்கம் சார், சொல்லுங்க சார், இதோ பாத்துட்டேன் சார், உங்க தெருவுக்குள்ளயே வந்துட்டாங்க சார்" என்று அவள் குழைகிற குழைவில், கொலைவெறியோடு கூப்பிட்டவர்கூடக் கொஞ்சம் இறங்கிவந்து வெறும் வசவோடு நிறுத்திக்கொள்வார். அந்தக் குரலில் சொக்கிப்போன ஒரு பெரியவர் தன் மகனுக்கு அவளையே பெண் கேட்டார். "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு சார்" என்றாள். "பரவாயில்லம்மா, தங்கச்சி யாராச்சும் இருக்காங்களா?" என்றார் அவர்.

கம்பெனி ஒரு நாள் அழைப்பு அறையை மூடிவிட்டு, இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அறிவித்தது. ஏதோ வரம் கொடுக்கிற தோரணையில்தான் சொன்னார்கள். அவளும் வரமாகத்தான் வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையில் பாதி ஆபீஸ் ஆயிற்று, மீதிப் பாதியில் மாமா உட்கார்ந்தார். மாமாவைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அவள் கணக்கு. பக்கத்தில் இருப்பதும் பார்த்துக்கொள்வதும் ஒன்றல்ல என்பது செல்போன் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்; ஆனால் அது அடுத்த வீட்டுக்காரர்களைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொள்வோம்.

மாமா, அதாவது கணவனின் அப்பா, மின்சார இலாகாவில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்தவர். மனைவி போன பிறகு ஞாபகம் குறைய ஆரம்பித்தது. மறதி நோய் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னதை மறந்துவிட்டது அவருக்குக் கிடைத்த ஒரே சௌகரியம். பழையதெல்லாம் பத்திரமாக இருந்தது, புதிதாக எதுவும் உள்ளே ஒட்டவில்லை. காலையில் சாப்பிட்டது மத்தியானம் இருக்காது. மருமகள் சில நாள் மருமகள், சில நாள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண். "வேலையெல்லாம் பிடிச்சிருக்காம்மா? மேலதிகாரி தொல்லை கொடுத்தா எங்கிட்ட சொல்லு" என்பார். கணவனைப் பற்றிச் சொல்லலாமா என்று அவள் ஓரிரு முறை யோசித்ததுண்டு.

அவ்வப்போது கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார். ஆனால் தூரம் போகிறவரில்லை. பக்கத்துக் கட்டடங்களில் ஏதாவது ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே, மீட்டர்ப் பெட்டிகளுக்கு முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். குடியிருப்பவர்களும் தடுப்பதில்லை. சுத்தமான சட்டை, கம்பீரமான முகச்சுளிப்பு. அரசாங்கத்துக்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

அவரிடமும் ஒரு தொடுதிரைப் போன் இருந்தது. மகள், அதாவது இவளுடைய நாத்தனார், வாங்கிக் கொடுத்தது. அப்பாவைப் பார்க்க வர நேரமில்லாதவர்கள் நல்ல போனாகத்தான் வாங்கிக் கொடுப்பார்கள். குடும்பத்துக்கென்று இருந்த வாட்ஸப் குழுவில் அவரையும் சேர்த்துவிட்டிருந்தாள். அவளுடைய பெண், மாமாவின் பேத்தி, விளையாட்டாக அதில் குருவிச் சத்தத்தை வைத்துவிட்டாள். போனோ செய்தியோ வந்தால் அவர் அண்ணாந்து மரத்தைப் பார்ப்பார்.

அன்று காலை ஒரு வாடிக்கையாளர் ரயில் நிலையத்தின் பின்வாசலில் நின்றார். வண்டி முன்வாசலில் நின்றது. தான் நிற்பதுதான் முன்வாசல் என்றார் அவர். தந்தி அவரை ஆற்றுப்படுத்திக்கொண்டிருந்தாள். அப்போது மாமா துவைத்த சட்டை, செருப்பு சகிதம் அவள் முன்னால் வந்து நின்று, "போயிட்டு வரேம்மா" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள், தலையாட்டினாள், கையைக்கூட அசைத்தாள். "சரிங்க, நிச்சயமா" என்றும் சொன்னாள். அது காதில் இருந்தவருக்கு. இரண்டு பக்கமும் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

காதிலிருந்ததைக் கழற்றியபோது எதிர் நாற்காலி காலியாக இருந்தது. கதவு பாதி திறந்திருந்தது.

மாமாவின் போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எங்கேயோ ஒரு மரத்தை அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டே கணவனுக்குச் செய்தி தட்டினாள். அவன் பாட்டில் தயாரிக்கிற தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவன். உள்ளே போகும்போது போனை வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும், டீ நேரத்தில்தான் எடுக்க முடியும். ஆகவே பேசிப் பயனில்லை. விரல் வேலைப் பழக்கத்தில் ஓடியது. அவளுடைய அளவுக்கு அது ஒரு நெடுங்கட்டுரை.

"அப்பா போயிட்டாரு. உடனே வாங்க."

ஒரு தமிழனிடம் இதைக் காட்டி என்ன அர்த்தம் என்று கேட்டால் அவன் முதலில் எழுந்து நிற்பான். பிறகுதான் பதில் சொல்வான். ஊருக்குப் போகிறவன்கூட 'போறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வரேன்' என்கிற பாஷை இது. அந்த 'வரேன்' இல்லாமல் போனவர் திரும்பினதாகச் சரித்திரம் கிடையாது. தந்தியின் தினசரி வாழ்க்கையிலோ மணிக்கு இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் சாகவில்லை, வேறு வண்டியில் போனார்கள்.

அவள் தெருவில் இறங்கித் தேட ஆரம்பித்தாள். முதல் கட்டடத்தின் மாடிப்படி, அடுத்த கட்டடத்தின் மாடிப்படி. மீட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன, பார்க்க ஆளில்லை. தெரிந்த கடைக்காரர்கள், வாட்ச்மேன்கள், மருந்துக்கடைக்காரி என்று ஒவ்வொருவராகப் போன் போட்டு விசாரித்துக்கொண்டே நடந்தாள். கம்பெனிப் போன் இன்னொரு கையில் துடித்துக்கொண்டிருந்தது. அதை அணைக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

இதற்குள் தொழிற்சாலையில் டீ நேரம் வந்துவிட்டது. கணவன் செய்தியைப் படித்தான். அவளைக் கூப்பிட்டான், அவள் லைன் ஓயாமல் பிஸியாக இருந்தது. சாவு வீட்டில் பிஸியாகத்தானே இருக்கும். அக்காவைக் கூப்பிட்டு, "அப்பா போயிட்டாருக்கா" என்று மட்டும் சொன்னான். மேற்கொண்டு அவனால் பேச முடியவில்லை, அக்காவுக்கும் மேற்கொண்டு எதுவும் தேவைப்படவில்லை.

நாத்தனார் எதையும் சுறுசுறுப்பாகச் செய்கிறவள். அழுகையை ஒத்திப்போட்டுவிட்டு முதலில் குடும்பக் குழுவில் போட்டாள். ஒரு கல்யாணத்தில் எடுத்த படம், பக்கத்திலிருந்தவர்களை வெட்டிவிட்டு. கீழே: "எங்கள் அன்புத் தந்தை இன்று காலை காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்." கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஆழ்ந்த இரங்கல்கள் வந்தன. விரல் பட்டதும் போனே எடுத்துக்கொடுக்கிற முதல் சொல்லை அப்படியே அனுப்பிவிடுகிற ஒரு பெரியப்பா "வாழ்த்துகள்" என்று போட்டார். அதற்கு நான்கு பேர் கூப்பிய கை போட்டார்கள். செய்தி அங்கிருந்து பழைய இலாகா நண்பர்களின் குழுவுக்கும், குடியிருப்போர் குழுவுக்கும், அங்கிருந்து கடைத்தெருவுக்கும் போயிற்று.

மாமா இறந்துபோனது தெரியாத ஒரே ஆள் தந்திதான். காலை வணக்கப் பூக்கள் தாங்காமல் அந்தக் குழுவின் வாயை அவள் ஒரு வருஷத்துக்கு அடைத்துவைத்திருந்தாள்.

மூன்றாவது தெருவில், மஞ்சள் பெயின்ட் அடித்த கட்டடத்தின் படியில் ஒரு அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் அடையாளத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினாள்.

"மீட்டர்க்காரர்தானே? இங்கதான் இருந்தார். பாவம்."

"ஏன், என்னாச்சு?"

"என்னமோ குருவி குருவியா கத்திக்கிட்டே இருந்துச்சு. சட்டைப் பையிலேர்ந்து போனை எடுத்துப் பார்த்தார். எழுத்தெழுத்தாக் கூட்டிப் படிச்சார். அப்படியே உக்காந்துட்டார். யாருன்னு கேட்டேன். அப்பா காலமாயிட்டாராம்."

தந்திக்குப் புரியவில்லை. "யாரோட அப்பா?"

"அவரோட அப்பாதான். போட்டோகூடக் காட்டினார். அச்சு அசல் அவர் மாதிரியே இருந்தார் மனுஷன். தண்ணி குடுத்தேன். அழாதீங்க, வயசானவர் போய்ச் சேர்ந்தார்னு சமாதானம் சொன்னேன். பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம்னு கேட்டார், காட்டி அனுப்பினேன். அந்த நிலைமையில மீட்டரையும் பாத்துட்டுத்தான் போனார்மா. கடமைன்னா அதுதான்."

தந்தி குடும்பக் குழுவைத் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். மாமா எப்போதும்போல மீட்டர்ப் பெட்டி முன்னால்தான் நின்றிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கலாம். அவர் மனசுக்குள் அவருக்கு இன்னும் முப்பது வயசுதான்; நரைத்த மீசையோடு படத்தில் இருக்கிற அந்த முகம் அவருக்கு வேறு யாருடையதாக இருக்க முடியும்? நாத்தனார் எதைக் கேட்டு இப்படிப் போட்டாள் என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. உண்மையில் தந்தி அனுப்பிய செய்திதான் மகனுக்குப் போய், மகளுக்குப் போய், ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் தேடவேண்டிய ஆளிடமே போய் அவரைக் கிளப்பிவிட்டிருக்கிறது.

கணவனின் அழைப்பு அப்போதுதான் உள்ளே நுழைந்தது.

"எப்படிடீ?" என்றான். "எப்படி ஆச்சு?"

"நான் போன்ல பேசிட்டிருந்தேங்க. திரும்பிப் பாக்கறதுக்குள்ள போயிட்டாரு."

"எதாவது சொன்னாரா?"

"போயிட்டு வரேன்னு சொன்னாரு."

அவன் விம்மினான். "கஷ்டப்பட்டாரா?"

"என்ன கஷ்டம்? செருப்பை மாட்டிக்கிட்டு நல்லாத்தான் போனாரு. நீங்க என்னங்க..." அவளுக்கு உறைத்தது. "என்னங்க, அவர் சாகல. காணோம். வீட்டை விட்டுப் போயிட்டாருன்னுதான் போட்டேன்."



"அப்ப உயிரோட இருக்காரா?"

"இருக்காரான்னுதாங்க தேடிக்கிட்டிருக்கேன்."

அப்பா இறக்கவில்லை என்று தெரிந்ததில் வந்த சந்தோஷத்தை அவனால் அனுபவிக்க முடியவில்லை. செத்தவர் ஒரு இடத்தில் இருப்பார். அப்பா எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. பிரதான சாலை, நாலாபுறமும் லாரி, அழுதுகொண்டே போகிற கிழவர். அவன் மெஷின் பக்கமே திரும்பாமல் ஓடிவந்தான்.

தந்தி பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். அங்கே அவர் இல்லை. நின்றுகொண்டே குடியிருப்போர் குழுவில் போட்டாள். அவரைத் தனியாகக் காட்டுகிற படம் நாத்தனார் வெட்டிப் போட்ட அந்த ஒன்றுதான் இருந்தது. "இவரைக் காணவில்லை. ஞாபக மறதி உள்ளவர். பார்த்தால் உடனே கூப்பிடவும்." நாத்தனாரும் அலறியடித்துக்கொண்டு, காலமானார் என்பதை அழித்துவிட்டுக் காணவில்லை என்று மாற்றிப் போட்டாள். ஆனால் போட்டதை அழிக்கலாம், பரவியதை அழிக்க முடியாது. காணவில்லைக்கும் கூப்பிய கைகளே வந்தன. "நல்ல மனிதர். ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று ஒருவர் எழுதினார். இழப்புதான், அதைத் தேடித்தான் அவள் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தாள்.

குடியிருப்போர் குழுவில் வதந்திகளை ஒழிப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒரு கல்லூரிப் பேராசிரியர் இருந்தார். வெந்நீரில் புற்றுநோய் கரையாது என்பதையெல்லாம் ஆதாரத்தோடு நிறுவியவர். அவர் எழுதினார்: "எச்சரிக்கை. இந்தப் படத்தில் இருப்பவர் இன்று காலை இறந்துவிட்டார் என்பதை அவருடைய குடும்பமே உறுதிசெய்துள்ளது. இறந்தவர் படத்தை வைத்து மோசடிக் கும்பல் ஒன்று அனுதாபம் தேடுகிறது. யாரும் பகிர வேண்டாம்." அவர் எழுதியதை எல்லோரும் பகிர்ந்தார்கள். தந்தியின் எண்ணை இரண்டு பேர் தடைசெய்தார்கள். பேராசிரியர் தன் வாழ்நாளில் தவறாகச் சொன்னது இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பெயின்ட் கடைக்காரர் ஒருவர் மட்டும் கூப்பிட்டார். "ஒருத்தர் அழுதுகிட்டே போனாரும்மா. முகஜாடை அப்படியே இருந்துச்சு. செத்தவரோட தம்பி போலன்னு நினைச்சேன். கூட்டமா இருந்துச்சு, விசாரிக்கல."

"எந்தப் பக்கம் போனாரு?"

"அது பாக்கலியே."

தந்தி சாலையோரம் நின்று மறுபடி மாமாவுக்கு அடித்தாள். இந்தத் தடவை எடுத்தார்.

"மாமா, எங்க இருக்கீங்க? நான்தான்."

"யாரா இருந்தாலும் அப்புறம் பேசுங்கம்மா," என்றார் அவர், மிகவும் நிதானமாக. "எங்கப்பா தவறிட்டாரு. நான் போய்ச் சேரணும்." வைத்துவிட்டார்.

அடுத்த அழைப்பை எடுத்தவுடனே வெட்டினார். அதற்கடுத்ததையும் வெட்டினார். துக்கத்தில் இருக்கிறவரை இப்படித் தொந்தரவு செய்யக்கூடாதுதான். அந்தப் போனுக்கு அவள் நேற்று சார்ஜ் போடவில்லை என்பது ஞாபகம் வந்தது.  சாலையில் போன பஸ் ஒவ்வொன்றும் அவரை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரியே தெரிந்தது. அப்பாவின் வீடு என்று அவர் நினைக்கிற வீடு இடிக்கப்பட்டு, அங்கே ஒரு மேம்பாலம் நிற்கிறது. அதைத் தேடிக்கொண்டு ஒருத்தர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கம்பெனிப் போனிலிருந்து கூப்பிட்டாள். மருமகளின் குரலை விட்டுவிட்டு, கம்பெனியின் குரலில்.

"வணக்கம் சார். டாக்ஸி கம்பெனியிலேர்ந்து பேசறேன். உங்களுக்கு வண்டி தயாரா இருக்கு சார்."

அந்தப் பக்கம் வெட்டவில்லை. "வண்டியா? ரொம்ப நல்லதாப் போச்சும்மா. எங்கப்பா வீட்டுக்குப் போகணும். பஸ்ஸே நிக்க மாட்டேங்குது."

"அனுப்பிட்டேன் சார். எங்க நிக்கிறீங்க?"

"இங்கதாம்மா."

எல்லா வாடிக்கையாளரும் சொல்கிற பதில்தான். அவள் அதற்குப் பழகினவள்; ஆனால் கண்ணில் நீரோடு அதைக் கேட்டது அன்றுதான்.

"பக்கத்துல என்ன சார் இருக்கு?"

"ஒரு மரம். ஒரு நாய். நாய் தூங்குது."

"போர்டு ஏதாவது தெரியுதா சார்? பெரிசா எழுதியிருக்கும். கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்."

படிக்கச் சொன்னால் அவருக்குப் பிடிக்கும். ஒவ்வொன்றாகப் படித்தார். "இங்கே குப்பை கொட்டாதீர்." அது எல்லாத் தெருவிலும் இருக்கிறது, குப்பையும் இருக்கிறது. "நோட்டீஸ் ஒட்டாதே. வீடு வாடகைக்கு. ஞாயிறு விடுமுறை."

"எந்தக் கடைக்கு சார் விடுமுறை? மேல பாருங்க."

"மேலயா? வண்ண மீன்களும் தொட்டிகளும். அடேயப்பா, எவ்வளவு பெரிய மீன் வரைஞ்சிருக்கான். ஏம்மா, அப்பாவை எடுத்துடுவாங்களா? நான் போறவரைக்கும் வெச்சிருப்பாங்கல்ல?"

"வெச்சிருப்பாங்க சார். நீங்க வராம எடுக்க மாட்டாங்க. அந்த மீன் படத்துக்குக் கீழயே நில்லுங்க. நகராதீங்க சார். சார்?"

போன் உயிரை விட்டுவிட்டது.

அவள் எல்லா டிரைவர்களுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பப் போனாள். ஒரு சொல்லைத் தட்டிவிட்டு அழித்தாள். பிறகு ஒவ்வொருவராகப் போன் போட்டு, முழு முழு வாக்கியமாகப் பேசினாள். தந்தியக்கா இத்தனை சொற்கள் வைத்திருப்பதைக் கேட்டு அவர்கள் பயந்துபோனார்கள். கடைசியில் யூ-டர்ன் என்று பட்டப்பெயர் கொண்ட ஒருவன் கிடைத்தான். எந்த இடத்துக்கும் நேராகப் போயறியாதவன். அதனாலேயே எல்லா இடமும் தெரிந்தவன்.

"மீன் தொட்டிக் கடையா? ரயில்வே கேட் பக்கம் ஒண்ணு இருக்குக்கா. போன வாரம் வழி தப்பி அங்கதான் போய் நின்னேன்."

"போ. யாரையும் ஏத்தாத. ஏத்தியிருந்தா இறக்கிவிடு."

"ஒரு அம்மா இருக்காங்களேக்கா."

"அவங்களையும் கூட்டிட்டுப் போ. நான் பேசிக்கிறேன்."

கொஞ்ச நேரத்தில் யூ-டர்ன் கூப்பிட்டான். "நிக்கிறாரு அக்கா. மீன் போர்டுக்கு நேர் கீழ, நாய்க்குப் பக்கத்துல, வெயில்ல நிக்கிறாரு. நிழல் அந்தப் பக்கம் இருக்கு, வர மாட்டேங்குறாரு. நகரக் கூடாதுன்னு சொன்னாங்களாம்."

தந்தி நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். ஒருத்தி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்த மீட்டர்க்காரர் மருமகதானே? மனசைத் தேத்திக்கம்மா" என்றாள்.

வீட்டில் துக்கம் முழுவீச்சில் நடந்துகொண்டிருந்தது. முதல் செய்தியை மட்டும் பார்த்தவர்கள் வந்துவிட்டிருந்தார்கள், இரண்டாவதை நம்பாதவர்களும் வந்திருந்தார்கள். யாரோ வாடகை நாற்காலிகளை இறக்கிப் போட்டிருந்தார்கள். நாத்தனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உங்கிட்டதானே விட்டுட்டுப் போனோம். வீட்லயே இருந்துகிட்டு ஒரு மனுஷனைப் பாத்துக்க முடியாதா? எப்பப் பாரு காதுல ஒரு போனு."

"அண்ணி, நீங்க ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்."

"தம்பி சொன்னான், போட்டேன். அப்பன் செத்த சேதியை யாராச்சும் சரிபார்ப்பாங்களா?"

வண்டி வந்து நின்றது. பின்னால் யாரோ ஒரு அம்மாளும் உட்கார்ந்திருந்தாள்; அவள் தான் போகவேண்டிய இடத்தையே மறந்தவள் மாதிரி மாமாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மாமா இறங்கினார். நாற்காலிகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ஒருமுறை தலையசைத்தார். சரியான இடத்துக்குத்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முட்டியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

அவருக்காக அழ வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். முதலில் இலாகா நண்பர் ஒருவர் போய் அவர் கையைப் பிடித்தார். "வருத்தப்படாதே" என்றார். அதைப் பார்த்து அடுத்தவர் போனார். வரிசையாக எல்லோரும் போய், இறந்துபோனவருக்கு அவருடைய அப்பா இறந்ததற்கு ஆறுதல் சொன்னார்கள். வேறு வழி இருந்தால் செய்திருப்பார்கள். மகனும் மகளும் ஓரமாக நின்றார்கள். அந்த வரிசையில் நிற்பதா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

காலையில் மறந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தந்தியும் அந்த நம்பிக்கையில்தான் படுத்தாள். விடிந்து வந்து பார்த்தபோது அவர் நேற்றைய சட்டையோடு கதவுப்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"அப்பாவைப் பாக்க யாரெல்லாம் வராங்கம்மா?" என்றார்.

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். மனைவி போனதை மறந்தவர், மகளின் பெயரை மறந்தவர், சாப்பிட்டதை மறந்தவர். பல மாதங்களாக எதுவும் ஒட்டாமலிருந்த இடத்தில் இது ஒன்று மட்டும் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. சில சமயம் அப்படி ஆகும் என்றார் டாக்டர். ஏன் என்று கேட்டதற்கு, சில சமயம் அப்படித்தான் என்றார்.

மகன் ஒரு நாள் துணிந்து உண்மையைச் சொல்லிப் பார்த்தான். "அப்பா, தாத்தா போய் எத்தனையோ வருஷம் ஆச்சுப்பா. நான் அப்ப பொறக்கவே இல்ல." மாமா அவனைப் பார்த்தார். "இத்தனை வருஷமா எங்கிட்ட யாரும் சொல்லலியா?" என்றார். அன்று அவர் அழுத அழுகையைக் கேட்ட பிறகு உண்மை பேசுவதை வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அவர் வெளியே போவதில்லை. அந்த மட்டில் நிம்மதி என்று நாத்தனார் போனில் சொன்னாள். துக்க வீட்டை விட்டு யாரும் வெளியே போவார்களா? மீட்டர்களை அவர் கைவிட்டுவிட்டார். சட்டைப் பையில் குருவியும் இல்லை. போனை அவரே எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார், யார் கூப்பிட்டாலும் பேசுகிற மனநிலையில் அவர் இல்லை.

தந்தி மேஜையின் தன் பக்கத்தில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு, கண்ணை எதிர் நாற்காலியிலிருந்து எடுக்காமல்.

"ஏம்மா," என்றார் மாமா. "தம்பிக்குச் சொல்லியாச்சா?"

"எந்தத் தம்பி மாமா?"

"என் தம்பிம்மா. அவனுக்கு அப்பான்னா உயிர். அவனுக்கு யாராச்சும் சொன்னாங்களா?"

அந்தத் தம்பியை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அவர் போய் எத்தனையோ காலமாயிற்று. தெரிந்தால் மாமாவுக்கு இன்னொரு சாவு.

அவள் காதிலிருந்ததைக் கழற்றினாள். தன் செல்போனை எடுத்து, எந்த எண்ணையும் அழுத்தாமல் காதில் வைத்தாள். "ஹலோ, சித்தப்பாங்களா? நான் அண்ணன் வீட்லேர்ந்து பேசறேன்," என்றாள். மெதுவாக, பதமாக, விஷயத்தைச் சொன்னாள். இடையிடையே நிறுத்தினாள், ஆமாங்க என்றாள்.

"என்ன சொல்றான்?"

"அழறார் மாமா."

"அழட்டும். சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தான்." மாமா நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "வெச்சுடாதம்மா. அவன் தனியா இருப்பான். கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிரு."

மேஜையில் கம்பெனிப் போன் ஒளிர்ந்தது. யாரோ எந்த வாசலிலோ நின்றுகொண்டிருந்தார்கள். அவள் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா சித்தப்பா?" என்று காதில் ஒட்டியிருந்த மௌனத்திடம் கேட்டாள்.